நீ கிழமைக்குக் கிழமை வருவாய் என்று வாங்கிய பெட்டி

மகன்,

முந்தாநாள் மருமகள் போன் எடுத்தாள். நீங்களும் டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கிற பெட்டி ஒன்று வாங்க யோசிக்கிறீர்களாம். "மாமி, உங்கட வீட்டில இரிக்கிற பெட்டி எப்பிடி? அதே மாதிரி ஒண்ட நாங்களும் எடுக்கலாமா?" என்று கேட்டாள். கேட்டவள் அவள், கேட்கச் சொன்னவன் நீ. "எவ்வளவு நேரம் பிடிக்கும் எண்டு கேளு" என்று பின்னால் நின்று நீ முணுமுணுத்தது எனக்கு நன்றாகக் கேட்டது. நேரே என்னிடம் கேட்டால் வாய் நோகுமா உனக்கு? இப்போதெல்லாம் நீ போன் எடுத்தால் சுகமா, மழையா, சாப்பிட்டாச்சா என்று மூன்று கேள்வியோடு வைத்துவிடுகிறாய். அப்பா எப்படி என்று நாலாவது கேள்வி வராது. நானும் அந்தக் கதையை எடுத்ததில்லை.

"யோசிச்சுச் சொல்றன் புள்ள" என்று மருமகளிடம் சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் காது கேட்கச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். காலமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய கை இது. போனில் தடுமாறுகிற இடத்தில் தாளில் தடுமாறாது என்று நினைக்கிறேன். கந்தோரில் வேலைக்கு நடுவில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஆறுதலாக இருந்து படி. உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், தெரியாததும் இருக்கும். தெரிந்தது தானே என்று பக்கத்தைத் தட்டிக்கொண்டு போகாதே. உனக்குத் தெரிந்தது பாதிதான்.

பெட்டி நல்ல பெட்டி. அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா சாமானில் குற்றம் சொன்னாள் என்று வரக்கூடாது. ஒரு சனலில் என் நாடகம் போய்க்கொண்டிருக்க இன்னொரு சனலில் கிரிக்கெட் மெச்சைத் தன்பாட்டில் பதியும். கரண்ட் போய் வந்தால் தானே எழும்பி, விட்ட வேலையைத் தொடங்கும். சத்தம் இல்லை, சூடு இல்லை. ஆனால் மகன், கடைக்குப் போய் நிற்கும்போது கடைக்காரர் உன்னிடம் இரண்டு கேள்வி கேட்பார். பதிந்ததை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டுமா என்பது ஒன்று. எத்தனை நாளைய நிகழ்ச்சியைப் பார்க்காமல் சேர்த்து வைப்பீர்கள் என்பது மற்றது. அந்த இரண்டு கேள்விக்கும் உன் அப்பா என்ன பதில் சொன்னார், ஏன் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது வெல்லாவெளியில் புதுமாப்பிள்ளை.

பெண்ணைப் பெற்றவர்கள்தான் கலியாண வீட்டில் அழுவார்கள் என்று டிவியில் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது தலைகீழ். இங்கே வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன். உன்னைப் பெற்ற அன்றே எனக்குத் தெரியும், நீ ஒரு நாள் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகப் பிறந்தவன் என்று. தெரிந்திருந்து என்ன பயன்? நீ போன மறுநாள் காலையில் மூன்று பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டேன். உன் அப்பா அந்த மூன்றாவது பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்து அதையும் தானே குடித்தார். ஒற்றைப் பிள்ளையை வைத்திருக்கிற வீடு எப்படி ஒரே நாளில் வெறிச்சோடிப் போகும் என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

அவரும் இந்த வீட்டுக்கு அப்படி வந்தவர்தானே. செங்கலடியில் என் தாய் எனக்குத் தந்த வீட்டுக்குப் பனிச்சங்கேணியில் இருந்து வந்தார். திருகோணமலைப் பாதையில் பஸ் ஓட்டினார். பஸ் அவருடைய ஊரைக் கடந்துதான் போகும், அவருடைய தகப்பனின் வாசலைக் கடந்துதான் போகும். இறங்க நேரம் இல்லை. பின்னால் சனம் நிறைந்திருக்கும், அடுத்த தரிப்பிடத்தில் சனம் காத்திருக்கும். ஹோர்னை அடிப்பார். கிழவர் சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசல் கடப்படிக்கு ஓடி வந்து மற்றக் கையைக் காட்டுவார். சில நாள் ஓடி வருவதற்குள் பஸ் போய்விடும். லீவு நாளில் போய் இருந்துவிட்டு வரலாம்தான். இந்தக் கிழமை இல்லை, அடுத்த கிழமை என்று போனது, மாமா கண்ணை மூடும்வரை அடுத்த கிழமையாகவே போனது. இதை அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. நீ போன பிறகுதான் ஒரு நாள் திடீரென்று சொன்னார்: "சும்மா வா எண்டா எந்த மகனும் வரமாட்டான். நான் போனனா? வாறதுக்கு அவனுக்கு ஒரு சாட்டு வேணும்."

அப்படி ஒரு சாக்குத் தேடித்தான் காத்தான்குடிக் கடைக்குப் போனோம். கிரிக்கெட் என்றால் நீயும் அவரும் சோறு தண்ணி மறப்பவர்கள். நீ இலங்கைப் பக்கம், அவர் இந்தியப் பக்கம், இரண்டும் ஆடாத நாளில் எந்தப் பக்கம் தோற்கிறதோ அந்தப் பக்கம் இருவரும். மெச் நடக்கிற நாளில் உனக்குக் கந்தோர். அதைப் பதிந்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அவரோடு இருந்து பார்க்கலாம். இது அவருடைய திட்டம். பஸ்ஸுக்கு நேரம் குறித்த மூளை, இப்போது உனக்கு நேரம் குறித்தது.

கடை முதலாளி பொறுமையான மனிசன். இரண்டு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "ஐயா, இதில பதிஞ்சா இதிலதான் பாக்கலாம், வேற டிவியில ஓடாது. அந்தா மற்றது, பென் டிரைவில ஏத்தி எங்கயும் கொண்டு போய்ப் போடலாம். விலையில பெரிய வித்தியாசமும் இல்ல" என்றார். நான் மற்றதைத்தான் காட்டினேன். உன் அப்பா முதல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கொண்டு போகேலுமெண்டா அவன் என்னத்துக்கு இஞ்ச வாறான்?" என்றார். முதலாளி பகிடி என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாட்டுக்குக் கயிறு போடுகிற மாதிரி மகனுக்குப் பெட்டி போடுகிறாரே என்று நினைத்தேன். பிறகு முதலாளி மற்றக் கேள்வியைக் கேட்டார்: "எத்தின நாளைய புரோகிராம பாக்காம சேத்து வைப்பீங்க? அதுக்கேத்த அளவுதான் எடுக்கணும்."

"ஒரு கிழமை. அதுக்கு மேல சேராது. என்ட மகன் ஞாயிறுக்கு ஞாயிறு வருவான்."

"எண்டாலும் பெரிசா எடுத்தா நல்லம் ஐயா. பின்னுக்குத் தேவப்படும்."

அப்போதுதான் கடையில் இருந்தபடியே உனக்குப் போன் எடுத்தோம். "பெரிசா எடுங்கப்பா, எப்பவும் இடம் காணாது" என்று நீயும் சொன்னாய். அவர் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். வைத்துவிட்டுச் சின்னதையே கட்டச் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் வாயைத் திறந்தேன். "ரெண்டு பேரும் படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க, உங்களுக்கு என்ன பிடிவாதம்?" அவர் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பெரிசா எடுக்கிறதெண்டா, அவன் வரமாட்டான் எண்டு நாமளே முடிவு கட்டின மாதிரி" என்றார்.

முதல் வருசம் அவர் சொன்ன மாதிரியே நடந்தது. நீ ஒரு ஞாயிறு தவறவில்லை. வெல்லாவெளியில் இருந்து பட்டிருப்புப் பாலத்தால் வந்து, களுவாஞ்சிகுடியில் மாறி, பட்டணத்தில் மாறி, செங்கலடிச் சந்தியில் இறங்கி நடந்து வருவாய். எந்தப் பஸ் எந்த நேரம் எந்தத் தரிப்பில் நிற்கும் என்று வீட்டில் இருந்தே அவர் சொல்லிக்கொண்டிருப்பார். "இப்ப கல்லடிப் பாலத்தில வாறான்" என்பார். "இப்ப சந்தியில இறங்கிட்டான்" என்பார். அவர் சொல்லி வாய் மூட நீ கடப்பைத் திறப்பாய். நான் கச்சான் கடலை வறுத்து வைப்பேன், இரண்டு கதிரையையும் டிவிக்கு நேரே இழுத்து வைப்பேன். உங்கள் இருவருக்கும் நடுவில் ரிமோட் இருக்கும். நிப்பாட்டுகிற பொத்தான்தான் அவருக்கு உயிர். பந்து போட ஓடி வருகிறவனை அந்தரத்தில் காலைத் தூக்கியபடி நிறுத்திவிட்டு, ஆறுதலாக எழும்பிப் போய் மருந்து குடித்துவிட்டு வந்து, "இப்ப போடு தம்பி" என்று அவனுக்கு உத்தரவு கொடுப்பார். நீ சிரித்துச் சிரித்துக் கச்சான் புரையேறும். இந்த வீட்டில் நான் கேட்ட சத்தங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் ஞாயிறு வரும்வரை அவருக்கு முடிவு தெரியக் கூடாதே. அதற்கு அவர் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய். தேத்தண்ணிக் கடைப் பக்கம் போகாமல் வளவுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையால் சுற்றிப் போவார். பேப்பர் வந்தால் விளையாட்டுப் பக்கத்தை நான் கிழித்து எடுத்த பிறகுதான் தொடுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, "எனக்கு ஒண்டும் சொல்லப்படாது" என்று தோடம்பழ இனிப்பு லஞ்சம். எல்லாம் செய்து என்ன? இலங்கை வென்ற அன்று செங்கலடிச் சந்தியே வெடி கொளுத்துகிறது. ஊரே அதிர்கிறது. இவர் முற்றத்தில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஆரோ கலியாணம் போல" என்கிறார். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். அந்த ஞாயிறு நீ வந்தாய், அவர் ஒன்றும் அறியாதவர் மாதிரிக் கதிரை நுனியில் இருந்தார், கடைசிப் பந்துக்குக் கையைப் பிசைந்தார். நடிப்பென்றால் அது நடிப்பு.

நீ மட்டும் என்ன? குசினிக்குள் இருந்து நான் உன்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பந்து மட்டையில் படுமுன்னமே நீ தலையில் கை வைத்துவிடுவாய். பிடி விடப்போகிறவன் விடுவதற்கு முதலே "சீ" என்பாய். உனக்கும் முடிவு தெரியும். கந்தோரில் எல்லார் கையிலும் போன், அதில் பந்துக்குப் பந்து வருகிறது, தெரியாமல் எப்படி இருப்பாய்? அவர் தெரியாத மாதிரி இருந்தார், நீ தெரியாத மாதிரி இருந்தாய், இரண்டு பேருக்கும் தெரியும் என்று தெரிந்த நான் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தேன். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. நான் வாயைத் திறந்து அதைக் கெடுப்பேனா?

பிறகு உன் மாமனாருக்கு இடுப்பு ஏலாமல் போனது. அவருடைய வயல் வட்டையை நீ பார்க்க வேண்டி வந்தது. விதைப்பு, பசளை, தண்ணி முறை, யானைக் காவல் என்று ஞாயிறுகள் ஒவ்வொன்றாய்ப் போயின. அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போன இடத்துச் சுமையைத் தூக்காதவன் ஆம்பிளையா? ஆனால் பெட்டிக்கு அது தெரியாது. அது பதிந்துகொண்டே இருந்தது. ஒன்றையும் அழிக்க அவர் விடவில்லை. "அவன் பாக்கல்ல, அவன் வந்து பாக்கட்டும்." நான் என் நாடகங்களை எல்லாம் அழித்து இடம் கொடுத்தேன். அதுவும் காணவில்லை.

வெள்ளாமை வெட்டு முடிந்து நீ வந்த ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. முந்தின கிழமை நடந்த மெச்சைப் போட்டீர்கள். நல்ல மெச். நான்கூடக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றேன். இன்னும் கொஞ்சப் பந்துதான், அப்போது படம் நின்றது. இடம் நிரம்பிவிட்டது, இனிப் பதிய முடியாது என்று எழுத்து வந்தது. அவர் எழும்பிப் போய்ப் பெட்டியைத் தட்டினார். வயரை இழுத்துப் பார்த்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. நீ இரக்கத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். "விடுங்கப்பா. கடைசிப் பந்தில நாம வெண்டுட்டம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமே அப்பா. போன்ல வருது. எல்லா மெச்சும் தெரிஞ்சுதான் நான் வாறன்."

"அப்ப என்னத்துக்கு வந்து இதில குந்திக்கிட்டு இரிக்கிறாய்?"

"உங்களுக்காகத்தான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையும் நீ சொன்னதையும் நான் எழுதப் போவதில்லை. எனக்குப் பிச்சை போட ஒருத்தனும் வரத் தேவையில்லை என்று அவர் கத்தியதும், பெரிய பெட்டி வாங்கச் சொன்னேனே என்று நீ கத்தியதும் போதும். சமைத்த இறால் அப்படியே இருந்தது. நீ செருப்பை மாட்டும்போது உன் கையைப் பிடித்தேன், மெல்ல விலக்கிவிட்டாய். பலமாகக்கூட இல்லை, மெல்ல. அதுதான் எனக்கு நொந்தது. அன்றைக்குப் போனவன், பிறகு இன்னொரு வெள்ளாமையும் வெட்டியாயிற்று, இந்தக் கடப்பைத் திறக்கவில்லை.

நீ போன பிறகு நான் அவரைச் சும்மா விடவில்லை. "உங்களுக்கும் தெரியும்தானே? வெடிச் சத்தம் கேட்டு கலியாணம் எண்ட ஆள்தானே? மறுகா என்னத்துக்குப் பொடியன ஏசினீங்க?" என்று கேட்டேன். "அவன் ஆசையா வாறான் எண்டு நினைச்சன். அவன்ட ஆசையக் கெடுக்கப்படாது எண்டுதான் நான் தெரியாத மாதிரி இருந்தன். அவன் என்னடா எண்டா எனக்காக வந்திரிக்கான்" என்றார். அவர் உனக்காக நடித்தார், நீ அவருக்காக நடித்தாய். இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு எப்படி இரண்டு பேரும் கோபித்துக்கொள்ள முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது. ஒரு நாள் காலை அவர் வாசலில் நின்று, திருகோணமலைப் பஸ் இன்னும் போகவில்லையே என்றார். அது போய் வெகுநேரம். நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு சட்டைப் பொத்தானை மாற்றிப் பூட்டினார். பிறகு நம் சந்தியில் நின்று வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று ஓர் ஓட்டோக்காரப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். பாதையையே தொழிலாக வைத்திருந்த மனிசன். பட்டணத்தில் டொக்டரிடம் காட்டினேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மருந்து தந்தார்கள், போன ஞாபகம் திரும்பி வராது, மிச்சம் மெல்லப் போகட்டும் என்பதற்குத்தான் மருந்து என்று விளங்கச் சொன்னார்கள். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் அவர் என்னிடம் சொன்னார், அப்போது நல்ல தெளிவு: "மகனுக்குச் சொல்லிப் போடாத. கேட்டா ஓடி வருவான். அப்பவும் எனக்காகத்தான் வருவான்." அதனால் சொல்லவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை வெளியில் நிறுத்தி வைத்தேன். சரியா பிழையா என்று நீ என்னைக் கேட்கலாம். எனக்குத் தெரியாது மகன்.

நோய் அவருக்கு ஒரு வேலை செய்தது. எல்லா நாளையும் ஞாயிற்றுக்கிழமை ஆக்கிவிட்டது. காலையில் எழும்பி, முகம் கழுவி, "இண்டைக்கு மகன் வாற நாள்தானே?" என்பார். "நாளைக்கு" என்பேன். இரண்டு கதிரையையும் தானே இழுத்து வைப்பார். டிவியைப் போடச் சொன்னால், "அவன் வரட்டும், முடிவு ஆருக்கும் தெரியாது" என்பார். ஒரு காலத்தில் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்தவருக்கு இப்போது மெய்யாகவே தெரியாது. பெட்டிக்குள் இருக்கிற அத்தனை மெச்சும் அவருக்குப் புதிது. நீங்கள் இருவரும் சேர்ந்து பார்த்துச் சிரித்ததும் புதிது. ஒரு நாள் நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், "மகனோட கோவமா இரிக்கிறீங்களா?" என்று. அவர் திகைத்துப் போனார். "என்னத்துக்குக் கோவம்? அவன் என்ன செஞ்சான்?" உண்மையாகக் கேட்டார். அன்றைக்குக் குசினிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதேன். அவ்வளவு பெரிய சண்டை, அவரிடம் அதில் ஒரு துண்டுகூட இல்லை. நீயும் நானும்தான் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

இப்படியே போகட்டும் என்றுதான் இருந்தேன். அவர் காத்திருக்கும்வரை எனக்கு ஒரு நம்பிக்கை. சின்னப் பெட்டி வாங்கின அதே பிடிவாதத்தோடு, நீ வருவாய் என்று அவர் நாளைக்கு நாளைக்கு இருப்பார், நீயும் கோபம் ஆறி ஒரு நாள் வருவாய், அவருக்கு ஒன்றும் தெரியாததால் ஒன்றும் பேச வேண்டியிருக்காது, கதிரையில் இருந்து கச்சான் தின்பீர்கள். இதை நான் மனதுக்குள் எத்தனையோ தரம் ஓட விட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, அது மெய்யான ஞாயிறு, அவர் குளித்துவிட்டு வந்து ஒரு கதிரையை மட்டும் இழுத்துப் போட்டார். ரிமோட்டை எடுத்தார். தானே மெச்சைப் போட்டார். அந்த முடிவில்லாத மெச். நான் அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு ஓடி வந்தேன். "கொஞ்சம் பொறுங்க, வரட்டுமே" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பகிடி இல்லை, கோபம் இல்லை, மரியாதையாகக் கேட்டார்: "ஆரு வாறது?"

உன் பெயரைச் சொன்னேன். "ஆ" என்று தலையை ஆட்டிவிட்டு டிவியைப் பார்த்தார். தெரியாதவர்களுக்குத் தலையாட்டுகிற மாதிரி. படம் நின்று எழுத்து வந்ததும், முடிந்தது என்று எழும்பிக் கைகழுவப் போனார். பெட்டியைத் தட்டவில்லை.

பிறகு மருமகள் போன் எடுத்துப் பெட்டி எப்படி என்று கேட்கிறாள். மகன், பெரிசாக வாங்கு. பதிந்ததை எங்கும் கொண்டுபோகக் கூடியதாக வாங்கு. உங்கள் வீட்டுக்கு வேண்டியது அதுதான், இந்த வீட்டுப் பெட்டியைப் பார்த்து எடுக்காதே. ஆனால் வாங்குவதற்கு முதல் ஒருதரம் இங்கே வா. மகன் என்று சொல்லிக்கொண்டு வராதே, அவரை அது குழப்பும். மெச் பார்க்க வந்த ஓர் ஆளாக வந்து மற்றக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. யார் என்று கேட்டால் வெல்லாவெளி என்று சொல். எந்தப் பஸ்ஸில் வந்தாய் என்று கேட்பார், அதைச் சரியாகச் சொல். கிரிக்கெட் பேசினால் யாரோடும் பேசுவார். முடிவை மட்டும் சொல்லிவிடாதே.

அவருக்காக வா என்று நான் கேட்கமாட்டேன். அந்தச் சொல்லால் பட்டது போதும். அவர் இப்போது யாரையும் பார்த்துக் காத்திருக்கவில்லை மகன். இந்த வீட்டில் உன்னைப் பார்த்துக் காத்திருப்பது இனி நான் ஒருத்திதான்.

அம்மா